கோபமில்லாத அம்மா

கைதட்டல் சட்டென்று நின்றது. அது அப்படி நிற்கக் கூடாது.

கோபாகபானா கடற்கரைப் பக்கம் பிறந்து வளர்ந்திருக்க வேண்டியதில்லை. வருஷத்துக்கு நாலு ஞாயிறு, ஊரின் மறுகோடியான மதுரெய்ராவிலிருந்து ரயிலேறி வந்து அந்த மணலில் வெந்து போகிற எவருக்கும் இது தெரியும். பிள்ளை ஒன்று தொலைந்தால் அங்கே யாரும் ஒலிபெருக்கியைத் தேடி ஓடுவதில்லை. பக்கத்தில் இருக்கிற ஆள் பிள்ளையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வான். சுற்றி இருப்பவர்கள் தட்டத் தொடங்குவார்கள். அந்தத் தட்டல் குடைக்குக் குடை தாவிக் கரையோடு போகும், தோளில் பிள்ளையும் கூடவே போகும், எங்கேயோ ஒரு தாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அலறிக்கொண்டு ஓடி வருவாள். அவள் வந்ததும் விசில் பறக்கும். யாராவது ஒருத்தர், "அடுத்த தடவை கயிறு கட்டி வைம்மா" என்பார். அப்புறம் அங்கொன்று இங்கொன்றாகத் தட்டல் தேய்ந்து அடங்கும். இன்றைக்கு விசில் இல்லை, கேலி இல்லை, தேயவும் இல்லை. ஓடுகிற ரேடியோவை யாரோ அணைத்தது மாதிரி நின்றுவிட்டது.

ஜுசாராவின் காதில் அது விழுந்தது, மனசில் விழவில்லை. அவள் கணவனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு தொப்பி. ஒரே ஒரு தொப்பி எடுத்து வைன்னு சொன்னேன். அதைக்கூட மறந்துட்டு வந்து இளிக்கற பாரு, அதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது."

"வாங்கிக்கலாம் ஜூ. இன்னிக்கு ஒருநாள் அவசரம் இல்லாம இருப்போம்னுதானே வந்தோம்?" எடில்சன் மணலில் மல்லாந்து கிடந்தான். கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

அவசரமில்லாத நாளாம். வாரத்துக்கு ஆறு நாள் சலவைக்கடையில் இஸ்திரி மேசைக்கு முன்னால் நின்று கால் வீங்கிப் போகிறவளுக்கு இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அவன்தான் திட்டம் போட்டுக் கொடுத்திருந்தான். காலையில் கடற்கரை, மத்தியானம் சர்க்கரை மலைக்கு ரோப் காரில், சாயங்காலம் அர்ப்போவடோர் பாறையில் உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்ப்பது. சொந்த ஊரையே வெளியூர்க்காரர்கள் மாதிரி சுற்றிப் பார்ப்பது. திட்டம் போட்டவன் படுத்துவிட்டான். பையைத் தூக்கியது அவள், ரயில் நெரிசலில் தோள்பட்டை கிழிந்த மஞ்சள் கவுனுக்கு ஊக்கு குத்திக்கொண்டது அவள், சோளம் வேண்டும், ஐஸ் வேண்டும், மொறுமொறு மாவு வளையம் வேண்டும் என்று ஆறு வயசு லோரேனா நச்சரித்தபோது "வாயை மூடிட்டு ஒரு இடத்துல உக்காரு, அசைஞ்ச, தோலை உரிச்சுடுவேன்" என்று கத்தியதும் அவள்தான். கத்துகிற வேலையெல்லாம் அந்த வீட்டில் அவளுக்கே ஒதுக்கியிருந்தது.

பின்னால் எங்கோ தட்டல் கிளம்பி நெருங்கி வந்தபோது அவளும்தான் தட்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஊரில் அது கொட்டாவி மாதிரி, பக்கத்தில் ஒருவர் தட்டினால் நம் கையும் தானாகத் தட்டும். தட்டிக்கொண்டே சொன்னாள்: "எவளோ ஒருத்தி பிள்ளையை விட்டுட்டு பீர் குடிச்சிட்டிருக்கா. இவளுகளுக்கெல்லாம் எதுக்குப் பிள்ளை?"

அது அவள் வாயிலிருந்து வந்த சொல். பிற்பாடு அதை நினைக்கும்போதெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

தட்டல் நின்ற பிறகு அலையின் சத்தம் மட்டும் கேட்டது. கரியில் சுடுகிற பாலாடைக்கட்டியின் வாசனை, யாரோ முதுகில் தேய்த்துக்கொண்ட தேங்காய் எண்ணெய், உப்புக் காற்று, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. மணலில் பச்சை வாளி இருந்தது. வாளிக்குப் பக்கத்தில் சின்னதாய் உட்கார்ந்திருந்த தடம் இருந்தது. ஜுசாரா அந்தத் தடத்தைப் பார்த்தாள்.

"எடில்சன். பாப்பா எங்க?"

அவன் அப்போதுதான் கண்ணைத் திறந்தான்.

பத்துக் குடை தள்ளி, சிவப்புத் தொப்பி போட்ட ஒரு தடியன் தன் தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டு நின்றான். ஜுசாரா ஓடி வருவதைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. நல்ல காரியம் செய்தவனின் முகம்.

"என்னம்மா, மறுபடி தொலைச்சிட்டீங்களா?" என்று சிரித்தான்.

"என் பொண்ணு... நீலக் கால்சட்டை, ரெண்டு சடை... நீங்கதானே தூக்கிட்டு வந்தீங்க?"

"ஆமா. உங்ககிட்டதானே குடுத்தேன்."

"என்கிட்டயா?"

"உங்ககிட்டதான். இதே மஞ்சள் கவுன். தோள்ல இதே ஊக்கு." அவன் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "விளையாடறீங்களா?"

குடை வாடகைக்கு விடுகிற ஓஸ்மார் அங்கேதான் நாற்காலி மடக்கிக்கொண்டிருந்தார். காலையில் அவர்களுக்குக் குடை நட்டுக் கொடுத்ததே அவர்தான். ஜுசாரா அவர் பக்கம் திரும்பியதும் அவரும் தலையாட்டினார். "நானும் பாத்தேன்மா. அந்தப் பக்கமிருந்து நடந்து வந்தீங்க. அதான் எங்களுக்கே என்னமோ மாதிரி ஆயிடுச்சு. பிள்ளையைத் தொலைச்சவங்க ஓடித்தான் வருவாங்க. நீங்க நடந்து வந்தீங்க. சிரிச்சுக்கிட்டே. எங்க கையெல்லாம் அப்படியே நின்னு போச்சு."

"அவ என்னைப் பாத்து அம்மான்னு சொன்னாளா?"

தடியன் யோசித்தான். "உடனே சொல்லலை. உங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தா. நீங்க ஒண்ணுமே சொல்லாம கையை நீட்டினீங்க. அப்புறம்தான் வந்தா."

"அது நான் இல்லடா முட்டாள்!" ஜுசாரா கத்தியதில் இரண்டு குடைக்கு அப்பால் இருந்தவர்களும் எழுந்து பார்த்தார்கள். "எவளோ ஒருத்திகிட்ட என் பிள்ளையைத் தூக்கிக் குடுத்துட்டு நிக்கறயே! பேரு கேட்டியா? அவ பேரு என்னன்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

யாரும் கேட்பதில்லை. அதுதான் அந்தக் கரையின் வழக்கம். ஓடி வருகிறவள் தாய், அவ்வளவுதான். இத்தனை வருஷமாய் ஒரு தவறும் நடந்ததில்லை என்பதால் யாருக்கும் கேட்கத் தோன்றியதில்லை, அவளுக்கும் தோன்றியதில்லை.

"அமைதியா இருங்கம்மா," என்றாள் ஒரு கிழவி, கையில் பீர்க் குவளையோடு. "கோவத்துல நீங்களே எங்கயாவது உக்கார வச்சுட்டு மறந்திருப்பீங்க."

அமைதியா இருங்கம்மா. அன்றைக்கு அந்தச் சொல்லை எத்தனை பேர் சொன்னார்கள் என்று கணக்கில்லை. உயிர்காப்பாளர் கோபுரத்தில் நின்ற பையன் சொன்னான். நடைபாதையில் காவலுக்கு நின்ற ஆள் சொன்னான். அடையாளம் கேட்டான், சொன்னாள், அவன் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மஞ்சள் கவுன் அம்மா ஒருத்தங்க பாப்பாவோட இப்பதான் போனாங்க" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, அவள் தோளில் இருந்த ஊக்கைப் பார்த்தான். பிறகு அவளோடு பேசுகிற குரலையே மாற்றிக்கொண்டான். பைத்தியத்திடம் பேசுகிற இதமான குரல்.

எடில்சன் மட்டும் நம்பினான். அப்போது நம்பினான். அவன் முகம் சாம்பலாகியிருந்தது. "நான் கரையோட இந்தக் கோடிக்கு, கோட்டைப் பக்கம் போறேன், நீ அந்தக் கோடிக்கு, லெமே பக்கம் போ. அரை மணி நேரத்துல குடைகிட்ட வந்துடணும்." அவளுடைய கைபேசி அவன் தோளில் தொங்கிய பையில் இருந்தது. அதை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, கொடுக்க வேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை. ஓடினார்கள்.

லெமே வரைக்கும் மணலில் ஓடினாள். பாதம் வெந்தது. ஒவ்வொரு குடைக்கும் கீழே குனிந்து பார்த்தாள். நீலக் கால்சட்டை போட்ட பிள்ளை ஒவ்வொன்றும் திரும்பும்போது வேறு முகமாக இருந்தது. கடைசியில் சோளம் அவிக்கிற வண்டிக்காரி அவளைப் பார்த்துக் கையசைத்தாள். "பாப்பாவுக்கு வெண்ணெய் போதுமா இருந்துச்சாம்மா? ரெண்டு வாங்கினீங்களே!"

ஜுசாராவுக்குக் கோபம்தான் வந்தது. பயம் வர வேண்டிய இடத்தில் கோபம் வந்தது. காலையில் அவள் வேண்டாம் என்று சொன்ன சோளம். எவளோ ஒருத்தி இரண்டாக வாங்கிக் கொடுத்திருக்கிறாள். எவ கேட்டா உன்னை? எவடி நீ? நான் அடிச்சாலும் என் பிள்ளை, திட்டினாலும் என் பிள்ளை.

அரை மணியில் குடைக்குத் திரும்பினாள். எடில்சன் இல்லை. துண்டுகள் இல்லை. பச்சை வாளி இல்லை. மணலில் குடையின் நிழல் மட்டும் கிடந்தது.

ஓஸ்மார் அவளைப் பார்த்ததும் ஓரடி பின்னால் போனார். பெரிய வயிறு, வெயிலில் கறுத்த மனிதர், எதற்கும் அசராதவர் போலத்தான் இருப்பார். இப்போது நெஞ்சில் தொங்கிய சின்னச் சிலுவையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பத்தானம்மா போனீங்க."

"யாரு?"

"நீங்க. சாரு. பாப்பா. மூணு பேரும். சாரு அழுதுக்கிட்டே சிரிச்சாரு, பாப்பாவைக் கட்டிக்கிட்டாரு. நீங்க அவரு கண்ணைத் துடைச்சு விட்டீங்க. எனக்குக்கூட நன்றி சொன்னீங்க. காலையில என்னை அந்தக் கத்து கத்தினதுக்கு மன்னிப்பும் கேட்டீங்க. ரோப் காருக்குப் போறோம்னு சொன்னீங்க."

"ஓஸ்மார், என்னை நல்லாப் பாருங்க. நானா அது?"

அவர் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். "நீங்கதாம்மா," என்றார் மெதுவாக. "ஆனா அவங்க இதமா இருந்தாங்க."

அவருடைய கைபேசியைப் பிடுங்காத குறையாக வாங்கி எடில்சனின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. பேருந்து போகிற சத்தம் கேட்டது. லோரேனாவின் இருமல் கேட்டது. அந்த இருமலை ஆயிரம் பிள்ளைகளின் நடுவிலும் அவளுக்குத் தெரியும்.

"ஹலோ?" என்றது ஜுசாராவின் குரல்.

அவளுடைய குரல். கரகரப்பு உட்பட. ஆனால் அவள் ஒருநாளும் தன் குரலை அவ்வளவு மெல்லமாக வைத்துக்கொண்டதில்லை.

"யாருடி நீ? என் பிள்ளையை விடுடி! எடில்சன்கிட்ட குடு போனை! ஏய், கேக்குதா? உன்னை வெட்டிப் போட்டுடுவேன்!"

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. கவனமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற மூச்சு. எடில்சன் எங்கோ பக்கத்தில் நின்று கேட்டான்: "யாரு ஜூ?"

"தெரியல," என்றது அந்தக் குரல். "யாரோ. ரொம்பக் கோவமா இருக்காங்க."

தொடர்பு அறுந்தது. மறுபடி அழைத்தாள். அணைத்திருந்தார்கள்.

சர்க்கரை மலைக்குப் போக மலையைக் குடைந்த சாலைக் குகையைத் தாண்ட வேண்டும். பேருந்துக்கு நிற்கப் பொறுக்காமல் நடந்தாள், ஓடினாள், மறுபடி நடந்தாள். உள்ளே ஓரமாய் ஒரு நடைபாதை உண்டு, ஆட்கள் கம்மி. ஈரச் சுவர், புகை, டயர் கருகின வாடை, பக்கத்தில் உரசிக்கொண்டு போகிற வண்டிகளின் வெளிச்சம் சுவரில் அவள் நிழலை நீட்டி நீட்டிச் சுருக்கியது. "லோரேனா!" என்று கத்தினாள். குகை திருப்பிக் கத்தியது. "லோரேனா!" மறுபடி திருப்பிக் கத்தியது. கத்தக் கத்தக் கொஞ்சம் தெம்பு வந்த மாதிரி இருந்தது. ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ திரும்பி வந்த குரலில் கோபம் இல்லை. அவள் நின்றாள். குரல் அவளுடையதுதான். கொஞ்சிக் கூப்பிட்டது.

அதற்குப் பிறகு அவள் கத்தவில்லை. வெளிச்சம் தெரிகிற முனையை மட்டும் பார்த்துக்கொண்டு ஓடினாள்.

ரோப் கார் நிலைய வாசலில் சீருடை போட்ட இளம்பெண் ஒருத்தி வரிசையை ஒழுங்கு செய்துகொண்டிருந்தாள். ஜுசாராவைக் கண்டதும் அவள் புருவம் உயர்ந்தது. "எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா, மேடம்? இப்பதானே கீழ இறங்கிப் போனீங்க?"

"மூணு பேரா?"

"ஆமா... நீங்க, உங்க வீட்டுக்காரர், பாப்பா." அந்தப் பெண் குனிந்து அவள் காலைப் பார்த்தாள். செருப்பு எப்போது போனது என்று ஜுசாராவுக்கே தெரியாது. "மேடம், உக்காருறீங்களா? தண்ணி தரட்டுமா?"

"எங்க போறதாச் சொன்னாங்க?"

"யாரு?"

"நான்," என்றாள் ஜுசாரா. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "நான் எங்க போறதாச் சொன்னேன்?"

"சூரியன் மறையறதைப் பாக்க, அர்ப்போவடோருக்குன்னு..." அந்தப் பெண்ணின் குரல் இறங்கிப்போயிற்று.

மேலே ஏறுகிறவர்களையெல்லாம் நிற்க வைத்துப் படம் எடுத்து, இறங்கும்போது விற்பதற்காகப் பலகையில் மாட்டி வைத்திருப்பார்கள். அங்கே இருந்தது. எடில்சன் இடது பக்கம், சந்தோஷமாக, இருபது வயசுக்காரன் மாதிரி. வலது பக்கம் அவள். மஞ்சள் கவுன், ஊக்கு, வலது முன்பல்லில் உடைந்த மூலை. அது எல்லாம் சரியாக இருந்தது. ஜுசாரா அந்த உடைந்த பல்லுக்காகவே எந்தப் படத்திலும் வாயைத் திறந்து சிரிக்க மாட்டாள். இவள் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். வாய் போதாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நடுவில் லோரேனா. தலையில் புதுத் தொப்பி. ஒரு கையில் சோளம், ஒரு கையில் மாவு வளையப் பொட்டலம். கேமராவைப் பார்க்கவில்லை. தலையை அண்ணாந்து அந்தப் பெண்ணின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜுசாரா அந்தப் படத்துக்கு முன்னால் நின்றாள். பிள்ளையின் அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். பாலைக் கொட்டிவிட்டு நிற்கும்போது, பள்ளிக்கூடத்தில் பென்சிலைத் தொலைத்துவிட்டு வரும்போது, அப்படித்தான் பார்ப்பாள். திட்டு எப்போது விழும் என்று பார்க்கிற பார்வை. விழுந்ததும் ஒரு மூச்சு அழுதுவிட்டு மடியில் வந்து ஒட்டிக்கொள்வாள். அந்தப் பெண்ணின் கைக்கு வந்ததிலிருந்து அந்தத் திட்டு விழவில்லை. கூட்டத்தில் தொலைந்து போனதற்குக்கூட விழவில்லை. பிள்ளை காத்துக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்குத் தெரியும். இது தன் அம்மா இல்லை என்று பிள்ளைக்குத் தெரியும். ஊரில் வேறு ஒருத்தருக்கும் தெரியாதது அந்த ஆறு வயசுக்குத் தெரிந்திருக்கிறது. ஜுசாரா அழவில்லை. ஆத்திரம் மூக்குக்கு மேல் ஏறி நின்றது. கட்டின புருஷன், ஒன்பது வருஷம் ஒரே கட்டிலில் கிடந்தவன், அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அல்லது தெரிந்தும், இது தேவலாம் என்று விட்டுவிட்டான்.

அதை நினைத்ததும் அவளுக்குக் கால் ஓடவில்லை. பிறகு ஓடியது.

அர்ப்போவடோருக்குப் போய்ச் சேரும்போது வெயில் செம்பு நிறத்துக்கு வந்திருந்தது. ஜனவரி மாதம், ஞாயிற்றுக்கிழமை, பாறையில் ஊசி குத்த இடமில்லை. எல்லாரும் மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். முதுகுகள். வெந்த முதுகுகள், மணல் ஒட்டின முதுகுகள், துண்டு போர்த்தின முதுகுகள். எலுமிச்சைத் தேநீர் விற்கிறவன் இரண்டு தகர உருளைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு நடுவில் கூவிக்கொண்டு போனான். கடல் கீழே பாறையில் மோதி மோதிப் பெருமூச்சு விட்டது. அவள் ஆட்களை மிதித்துக்கொண்டு ஏறினாள். திட்டினார்கள். திருப்பித் திட்டினாள். வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டுவது நன்றாக இருந்தது, தன் குரல் தன்னிடம்தான் இருக்கிறது என்று தெரிந்தது.

மஞ்சள் கவுன்.

பத்தடி மேலே. எடில்சனின் முதுகு ஒரு பக்கம். நடுவில் புதுத் தொப்பி.

ஜுசாரா பக்கவாட்டில் நகர்ந்தாள். பிள்ளையின் முகம் தெரிந்தது. லோரேனாவின் மடியில் சோளம் கடிபடாமல் இருந்தது. பொட்டலம் பிரிபடாமல் இருந்தது. கையில் ஐஸ் உருகி முழங்கை வரைக்கும் ஒழுகிக்கொண்டிருந்தது, அதையும் தின்னவில்லை. கேட்டதெல்லாம் கிடைத்த பிள்ளை ஒன்றையும் வாயில் வைக்கவில்லை.

கீழே எங்கோ ஒரு தாய் தன் மகனைப் பார்த்துக் கத்தினாள். "டேய்! விளிம்புக்குப் போகாதடா! இறங்குடா கீழ!"

லோரேனாவின் தலை சட்டென்று அந்தப் பக்கம் திரும்பியது. தேடியது. அந்தத் தாயின் முகத்தைப் பார்த்தது. வாடியது.

கத்துகிற குரலைத் தேடுகிறாள். என்னைத் தேடுகிறாள். ஒரு சத்தம் போதும். ஒரே ஒரு திட்டு.

ஜுசாரா நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

சூரியன் தண்ணீரைத் தொட்டது.

பாறை முழுவதும் எழுந்து கைதட்டியது. தினமும் தட்டுவார்கள், யாரோ மேடையேறி ஆடி முடித்ததுபோலச் சூரியனுக்குத் தட்டுவார்கள். ஆயிரம் கை. விசில். கூச்சல். ஜுசாரா கத்தினாள். "லோரேனா! எங்கடி போய்த் தொலைஞ்ச!" தொண்டை கிழிந்தது. அவள் காதுக்கே கேட்கவில்லை. எழுந்து நின்ற முதுகுகள் சுவராகிவிட்டன. தள்ளினாள். நகம் போட்டாள். கத்தினாள். எட்டடி. ஏழு.

மஞ்சள் கவுன்காரி தட்டவில்லை. அவள் சூரியனைப் பார்க்கவும் இல்லை. தலையைச் சாய்த்துப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். பிள்ளை பார்த்த பக்கம் பார்த்தாள். கீழே இன்னும் மகனைத் திட்டிக்கொண்டிருந்த தாயைப் பார்த்தாள். அவள் வாய் அசைகிற விதத்தை. அவள் நெற்றியை. நிதானமாக. படிக்கிற மாதிரி.

பிறகு அந்தச் சிரிப்பு மடிந்தது.

உதடு இறுகியது. புருவத்துக்கு நடுவில் இரண்டு கோடு. ஜுசாராவின் கோடுகள்.

தட்டல் தணிந்துகொண்டு வந்தது. அந்தக் குரல் எட்டியது.

"லோரேனா! கையெல்லாம் ஒழுகுது பாரு! எத்தனை தடவை சொல்றது உனக்கு? ஒரு இடத்துல ஒழுங்கா இருக்கத் தெரியாதா? காலையில எங்கடி போய்த் தொலைஞ்ச? என் உயிரே போயிடுச்சுடி!"

லோரேனாவின் முகம் கோணியது. நாள் முழுவதும் அடக்கி வைத்திருந்த அழுகை உடைந்து வந்தது. ஐஸ் கீழே விழுந்தது, சோளம் பாறையில் உருண்டது. "அம்மா," என்று அந்தக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, அம்மா." நிம்மதி. அவ்வளவு நிம்மதி அந்தச் சின்ன முதுகில். அந்தக் கை அவளைத் தட்டிக் கொடுத்தது.

"அது நான் சொல்ல வேண்டியது," என்றாள் ஜுசாரா.

கத்தத்தான் வாயைத் திறந்தாள். மெல்லமாக வந்தது.

மறுபடி திறந்தாள். நெஞ்சில் தேடினாள். காலையிலிருந்து அங்கே எரிந்துகொண்டிருந்தது இல்லை. அணையவில்லை, எடுத்துவிட்டார்கள். அடுப்பு இருந்த இடம் காலியாக, சில்லென்று இருந்தது. பிள்ளை அங்கே இருக்கிறாள். நாலடி. ஒரு திட்டு. ஒரு வசவு. ஒன்றும் வரவில்லை. அதற்குப் பதிலாகக் கன்னம் இழுத்தது. இரண்டு பக்கமும். தானாக. உதடு விலகியது. உடைந்த பல்லில் கடற்காற்று பட்டுக் கூசியது.

பிள்ளையின் தோளுக்கு மேலிருந்து அந்தப் பெண் பார்த்தாள். கண்ணில் தீ. பெற்றவளின் தீ.

"ஏய்! என் பிள்ளையைப் பாத்து எதுக்குடி இளிக்கற? யாருடி நீ?"

எடில்சன் எழுந்தான். இருவருக்கும் முன்னால் வந்து மறைத்துக்கொண்டு நின்றான். முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி பார்த்தான். சுற்றி எல்லாரும் திரும்பினார்கள். அவன் இடுப்புக்குப் பக்கத்திலிருந்து லோரேனா எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பயந்துபோய், அந்த மஞ்சள் கவுனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஜுசாரா வாயை மூடப் பார்த்தாள். இரண்டு கையாலும் பொத்தினாள். விரல்களுக்கு நடுவிலும் அது சிரித்துக்கொண்டே இருந்தது.